ஞாயிறு 2 மணி நேரம், மாதம் 300 வெள்ளி: எந்தப் பிள்ளைக்கு?

நாங்கள் ஆறு பேர். சிங்கப்பூரின் ஈசூனில் பக்கத்துப் பக்கத்து புளோக்குகளில் இருக்கிறோம். இரண்டு பேர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர்கள், ஒருவர் தாதி, ஒருவர் கணக்கர், ஒரு பல்கலைக்கழக மாணவி, அப்புறம் நான். சரக்கு நிறுவனம் ஒன்றின் சம்பளப் பிரிவில் இருபது வருடம் வேலை பார்த்தவள். தைப்பூசம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் ஒன்றாக டீ குடித்துக்கொண்டிருந்தபோது பேச்சு எழுந்தது: அகதிப் பிள்ளைகளுக்கும் பிழைக்க வந்தவர்களின் பிள்ளைகளுக்கும் நம்மால் ஏதாவது செய்ய முடியாதா? ஆளுக்கு மாதம் 50 சிங்கப்பூர் வெள்ளி, ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் என்று அன்றைக்கே முடிவாகிவிட்டது. அதை எங்கே போடுவது என்று முடிவெடுக்க நான்கு மாதம் ஆனது. விசாரித்தது, நேரில் போய்ப் பார்த்தது, எங்களுக்குள் வாதாடியது எல்லாவற்றையும் இங்கே எழுதுகிறேன். இதே யோசனையில் இருப்பவர்களுக்குப் பயன்படட்டும்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டியிருந்தது. அகதிப் பிள்ளையைச் சிங்கப்பூரில் தேடினால் கிடைக்காது. 1951-ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் சிங்கப்பூர் சேரவில்லை. அடைக்கலம் கேட்க உள்நாட்டுச் சட்டமும் இல்லை. ஒரு காலத்தில் நிலைமை வேறாக இருந்தது. நான் செம்பவாங்கில் வளர்ந்தவள். அங்கே ஹாக்கின்ஸ் சாலையில் 1978 முதல் 1996 வரை வியட்நாமிலிருந்து படகில் தப்பி வந்த மக்களுக்கு ஒரு முகாம் இருந்தது. முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அந்த வழியாக வந்து, வேறொரு நாடு ஏற்றுக்கொண்டதும் கிளம்பிப் போனார்கள். பேருந்தில் கடக்கும்போது என் வயதுப் பிள்ளைகள் அங்கே விளையாடுவதைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் யார், எங்கே போகிறார்கள் என்று கேட்கத் தோன்றியதில்லை. இப்போது தோன்றுகிறது.

செம்பவாங்கில் எனக்கு இன்னொரு கதையும் உண்டு. என் தாத்தா அங்கிருந்த கடற்படைத் தளத்தில் கூலி வேலை பார்த்தவர். பாட்டியும் பிள்ளைகளும் பட்டுக்கோட்டைப் பக்கம் ஊரிலேயே இருந்தார்கள். என் அப்பா தன் அப்பாவை ஒன்பது வயதில்தான் முதன்முதலாகப் பார்த்தார். வாசலில் தகரப் பெட்டியோடு நின்றவரைப் பார்த்துவிட்டு, "அம்மா, யாரோ வந்திருக்காங்க" என்று உள்ளே ஓடினாராம். இந்தக் கதையை அப்பா சிரித்துக்கொண்டுதான் சொல்வார். கேட்கும் எங்களுக்குச் சிரிப்பு வராது.

எங்கள் முன்னால் நான்கு வழிகள் இருந்தன. மலேசியாவில் இருக்கும் அகதிப் பிள்ளைகள், தமிழ்நாட்டு முகாம்களில் இருக்கும் ஈழத்துப் பிள்ளைகள், பெற்றோரோடு சிங்கப்பூருக்கு வந்திருக்கும் பிள்ளைகள், அப்பாவோ அம்மாவோ மட்டும் இங்கே இருக்க ஊரில் வளரும் பிள்ளைகள்.

பாலத்துக்கு அந்தப் பக்கம்

மலேசியாவும் அகதிகள் உடன்படிக்கையில் சேராத நாடுதான். ஆனால் அங்கே ஐநா அகதிகள் ஆணையத்தில் பதிந்திருப்பவர்கள் 1,80,000-க்கும் மேல். பெரும்பாலோர் மியன்மாரிலிருந்து வந்தவர்கள், அதிலும் ரொஹிங்யாக்கள் அதிகம். இலங்கைத் தமிழர்களும் கொஞ்சம் பேர் இருக்கிறார்கள். பதினெட்டு வயதுக்குக் கீழே மட்டும் 50,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகள். அரசாங்கப் பள்ளியில் இவர்களுக்கு இடமில்லை. அகதிச் சமூகங்களும் தொண்டு அமைப்புகளும் நடத்தும் கற்றல் மையங்கள்தான் இவர்களுக்குப் பள்ளி.

ஒரு சனிக்கிழமை நாங்கள் மூன்று பேர் கோலாலம்பூர்ப் புறநகரில் அப்படியொரு மையத்துக்குப் போனோம். கடைவீட்டின் இரண்டாம் மாடி. ஒரே கூடத்தை நடுவில் இரும்பு அலமாரி வைத்து இரண்டு வகுப்பாகப் பிரித்திருந்தார்கள். இந்தப் பக்கம் சின்னப் பிள்ளைகள் எழுத்துக்கூட்ட, அந்தப் பக்கம் பெரிய பிள்ளைகள் பின்னக் கணக்குப் போட்டார்கள். அலமாரிக்கு மேலால் இரண்டு சத்தமும் கலந்தது. பாடம் நடத்திய பெண்ணுக்கு இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயது இருக்கும். அவரும் அகதிதான். எங்களை உட்காரவைத்துவிட்டுச் சங்கடப்படாமல் ஒன்றைச் சொன்னார்: வருகிற தொண்டூழியர்கள் எல்லோரும் அன்பானவர்கள், ஆனால் ஒவ்வொருவரும் நிறங்களின் பெயரிலிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள். இந்தப் பிள்ளைகள் சிவப்பையும் நீலத்தையும் எத்தனை பேரிடம் படித்துவிட்டார்கள்! அடுத்த பாடத்துக்குப் போக, போன வாரம் எதில் நிறுத்தினோம் என்று தெரிந்த ஒரு ஆசிரியர் வேண்டும். அந்த ஆசிரியர் இவர்தான். கட்டட வாடகை ஏறினால் முதலில் குறைவது இவருடைய உதவித்தொகை.

திரும்பி வரும்போது பேருந்தில் யாரும் அதிகம் பேசவில்லை. அங்கே தேவைப்படுவது நாங்கள் இல்லை, எங்கள் பணம், அதுவும் மாதம் தவறாமல் வரும் பணம் என்பது மூவருக்குமே புரிந்துவிட்டது. எங்கள் மாணவி அப்புறமும் மனம் விடாமல் ஆறு சனிக்கிழமை இணையத்தில் வகுப்பு எடுத்துப் பார்த்தாள். ஒரே கைப்பேசி, மூன்று பிள்ளைகள். பாடம் பாதியில் இருக்கும்போது டேட்டா தீர்ந்துபோகும், இல்லையென்றால் அப்பா வேலைக்குப் போகக் கைப்பேசியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். குறை அந்தப் பிள்ளைகளிடமும் இல்லை, அவளிடமும் இல்லை.

பணம் கொடுப்பதென்றால் ஒரு விவரம் தெரிந்திருக்க வேண்டும். உங்கள் சொந்தப் பணத்தைக் கொடுப்பது ஒன்று, வெளிநாட்டு அறப்பணிக்காகச் சிங்கப்பூரில் பொதுமக்களிடம் திரட்டுவது வேறொன்று. பின்னதற்கு அறநிறுவன ஆணையரின் அனுமதி வேண்டும். திரட்டியதில் 80 விழுக்காட்டைச் சிங்கப்பூருக்குள்ளேயே செலவிட வேண்டும் என்ற பொதுவிதியும் உண்டு, விலக்கு இருந்தால் தவிர. "வாட்ஸ்அப் குழுவில் போட்டால் சேர்ந்துவிடும்" என்று எங்களில் ஒருவர் ஆசையாகச் சொன்னதை அதோடு விட்டோம். உள்ளூர்ப் பொது நல அமைப்பாக அங்கீகாரம் பெற்றவற்றுக்குக் கொடுத்தால் கிடைக்கும் 250 விழுக்காட்டு வரிக்கழிவும் இதற்குக் கிடையாது. இதையெல்லாம் முன்கூட்டியே தெரிந்துகொண்டு செய்தால் பாதியில் நிற்க வேண்டியிருக்காது.

மண்டபம் முதல் கும்மிடிப்பூண்டி வரை

ஈழத்துப் பிள்ளைகள் என்றதும் எங்கள் ஆறு பேருக்குமே மனம் அந்தப் பக்கம்தான் சாய்ந்தது. மொழி ஒன்று, பாட்டு ஒன்று, சாப்பாடுகூட முக்கால்வாசி ஒன்று. தமிழ்நாட்டில் நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் ஏறக்குறைய 58,000 பேர் இருக்கிறார்கள். 1983 கலவரத்துக்குப் பிறகு வரத் தொடங்கியவர்களும் அவர்களின் வாரிசுகளும். 2021-ல் தமிழக அரசு இவற்றுக்கு 'மறுவாழ்வு முகாம்' என்று பெயர் மாற்றி, வீடு கட்டவும் படிப்புக்கும் சேர்த்து 317 கோடி ரூபாய்க்குத் திட்டங்களை அறிவித்தது.

ஆனால் விசாரிக்க விசாரிக்க, அங்கே பள்ளிப் படிப்பு பெரிய தடையாக இல்லை என்று தெரிந்தது. அரசுப் பள்ளிகளில் இந்தப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்கிறார்கள். 1984-ல் சந்திரகாசன் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் நாற்பது வருடமாக முகாம்களில் படிப்பை முன்னே வைத்து வேலை செய்திருக்கிறது. பட்டம் வாங்கிய பிள்ளைகள் நிறையப் பேர். முட்டுக்கட்டை பட்டத்துக்கு அப்புறம் வருகிறது. குடியுரிமை இல்லை. கடவுச்சீட்டு இல்லை. அரசு வேலை இல்லை. 1987 ஜூலை முதல் இந்தியாவில் பிறந்தவர்களுக்கு, பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருந்தால்தான் பிறப்பால் குடியுரிமை. மண்டபம் முகாமில் 1986-ல் பிறந்த ஒரு பெண், அந்தத் தேதிக்கு முன்னால் பிறந்தவர் என்பதை வைத்து நீதிமன்றம் போய்க் கடவுச்சீட்டு வாங்கினார், 2024 தேர்தலில் வாக்கும் அளித்தார். இரண்டு வருடம் தள்ளிப் பிறந்திருந்தால் அந்த வழி அவருக்குத் திறந்திருக்காது. இதை எங்களுடைய 300 வெள்ளி தொடவே முடியாது.

கல்லூரிக் கட்டணத்துக்குப் பணம் அனுப்பலாம், அதற்குத் தேவை இருக்கிறது. அனுப்புவதென்றால் அங்கே பெறும் அமைப்புக்கு இந்திய அரசின் வெளிநாட்டு நன்கொடைப் பதிவு இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். பதிவு இருந்தாலும் பணம் டெல்லியில் இருக்கும் ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளைக் கணக்குக்குத்தான் போக வேண்டும். "என் பெயருக்கே அனுப்பிவிடுங்கள், நான் கொடுத்துவிடுகிறேன்" என்று நல்ல மனதோடு சொல்கிறவர்கள் உண்டு. வேண்டாம். நாளைக்குச் சிக்கல் வந்தால் மாட்டிக்கொள்வது அவர்தான். சொந்தங்கள் முகாமில் இருக்கும் குடும்பங்கள், அல்லது வருடத்துக்கு ஒருமுறை தமிழ்நாட்டுக்குப் போய்வருபவர்கள் இந்த வழியை எடுத்தால் எங்களைவிட நன்றாகச் செய்ய முடியும்.

இங்கேயே இருக்கும் பிள்ளைகள்

இவர்களைப் பற்றிப் பேசும்போது ஒரு தப்பான எண்ணத்தைத் தள்ளிவைக்க வேண்டும். வேலை அனுமதி அட்டையில் இருக்கும் கட்டுமான ஊழியரோ இல்லப் பணிப்பெண்ணோ குடும்பத்தை அழைத்து வர முடியாது. அதற்கு மேல்நிலை அனுமதிகளான எம்ப்ளாய்மென்ட் பாஸ், எஸ் பாஸ் வைத்திருப்பவர்கள் மாதம் 6,000 வெள்ளியாவது வாங்கினால்தான் மனைவி மக்களைச் சார்ந்தோர் அனுமதியில் கூட்டி வரலாம். அதனால் "அவர்களுக்கு என்ன, வசதியானவர்கள்தானே" என்று சொல்லிவிடுகிறோம். சாப்பாட்டுக்குக் குறையில்லைதான். ஆனால் பத்து வயதில் ஒரு பிள்ளையை வேரோடு பிடுங்கி நட்டால் அது தழைக்கச் சம்பளம் மட்டும் போதாது.

ஒரு மாதம் எங்கள் ஆசிரியர்கள் ஒரு பையனுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்துப் பார்த்தார்கள். கும்பகோணத்திலிருந்து வந்தவன், வகுத்தல் பெருக்கலெல்லாம் விரல்நுனியில் வைத்திருந்தான். வாக்கியக் கணக்கு ஒன்று: கடைக்காரரிடம் 240 ஆப்பிள், 165 விற்றுவிட்டார், எத்தனை 'லெஃப்ட்'? பையன் பென்சிலை வைத்துவிட்டு யோசித்தான். அப்புறம் தாளின் இடது பக்கத்தில் ஒரு கட்டம் வரைந்து 165 என்று எழுதினான். இங்கே கணக்கைப் பட்டை வரைந்து போடச் சொல்லித்தருகிறார்கள் அல்லவா, அந்தப் பட்டையில் எது இடது பக்கம் வரும் என்று கேட்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டான். ஆசிரியர் "மிச்சம்டா தம்பி" என்றதும் 75 என்று உடனே சொன்னான். அதே பிள்ளையைத்தான் கணக்கில் பின்தங்கியவன் என்று ஒரு துணைப்பாட நிலையத்தில் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

வெளிநாட்டுப் பிள்ளை அரசாங்கப் பள்ளியில் சேர ஆங்கிலத்திலும் கணக்கிலும் நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். தேறினாலும் இடம் உறுதியில்லை, வீட்டுக்குப் பக்கத்தில் கிடைக்கும் என்பதும் இல்லை. கட்டணமும் குடிமக்கள் கட்டுவதைவிடப் பல மடங்கு. கட்டாயக் கல்விச் சட்டம் குடிமக்களுக்கு மட்டும்தான் என்பதால், இடம் கிடைக்கும்வரை வீட்டில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையை வந்து கேட்க ஆளில்லை. 1991-லிருந்து இயங்கும், இந்தியச் சமூக மேம்பாட்டு அமைப்பான சிண்டாவின் துணைப்பாட வகுப்புகளும் குடிமக்களையும் நிரந்தரவாசிகளையும் மனதில் வைத்து நடப்பவை.

இன்னொரு வகைப் பிள்ளைகளையும் பார்த்தோம். அப்பா சிங்கப்பூரர், அம்மா தமிழ்நாட்டிலிருந்து வந்து நீண்டகால வருகை அனுமதியில் இருப்பவர். பிள்ளை குடிமகன், அவனுக்கு எல்லா உதவியும் உண்டு. அம்மாவின் அனுமதியோ கணவரைச் சார்ந்து நிற்கிறது. கணவரோடு ஒத்துப்போகாமல் போனாலும், கணவர் தவறிவிட்டாலும் அவர் காலடி மண் நழுவத் தொடங்கிவிடும். இப்படிப்பட்ட ஒரு தாய்க்குப் பள்ளியிலிருந்து வந்த கடிதத்தை வாசித்துச் சொல்ல எங்கள் தாதி மூன்று முறை போனார். துணைப்பாடத்தைவிட அந்த வீட்டுக்கு அதுதான் தேவையாக இருந்தது. ஆனால் இதுபோன்ற குடும்பங்களை நாங்களாகத் தேடிப்போய்க் கதவைத் தட்ட முடியாது, கூடாது. குடும்ப சேவை நிலையத்தின் வழியாகப் போவதுதான் முறை. பிள்ளைகளோடு வேலை செய்வதென்றால் தனியறையில் ஒருவராக உட்காரக் கூடாது, கதவு திறந்திருக்க வேண்டும், படம் எடுத்து ஃபேஸ்புக்கில் போடக் கூடாது. இந்த மூன்றுக்கும் சரி என்று சொல்லாத யாரையும் சேர்த்துக்கொள்ளாதீர்கள், எவ்வளவு வேண்டியவராக இருந்தாலும்.

அப்பா இங்கே, பிள்ளை அங்கே

நான்காவது வழியை எங்கள் பட்டியலில் கடைசியாகச் சேர்த்தோம். பிள்ளைகளுக்கு உதவுவது என்று பேசிவிட்டு, பெரியவர்களிடம் போவது எப்படிப் பொருந்தும் என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. லிட்டில் இந்தியாவின் தேக்காவில் ஒரு மாதம் உட்கார்ந்து பார்த்த பிறகு அந்தக் கேள்வி தானாகவே போய்விட்டது.

காயம்பட்டோ சம்பளத் தகராறிலோ வேலை இல்லாமல் நிற்கும் ஊழியர்களுக்கு டிடபிள்யூசி2 அமைப்பு லிட்டில் இந்தியாவில் 2008-லிருந்து இலவசச் சாப்பாடு கொடுக்கிறது. கஃப் ரோடு திட்டம் என்று பெயர். ஹோம் அமைப்பு 2004-லிருந்து இல்லப் பணிப்பெண்களுக்கும் ஊழியர்களுக்கும் துணை நிற்கிறது. ஹெல்த்சர்வ் 2006-லிருந்து மருத்துவம் பார்க்கிறது. வெளிநாட்டு ஊழியர் நிலையமும் இருக்கிறது. தனியாகக் கடை விரிக்காமல், ஏற்கெனவே வேலை செய்யும் ஓர் அமைப்பின் கீழே மொழிபெயர்க்கும் தொண்டூழியர்களாகச் சேர்ந்தோம்.

இரண்டாவது ஞாயிறு என் எதிரே வந்து உட்கார்ந்தவர் சிவகங்கைக்காரர். இடது கையில் இரண்டு விரல் கட்டுப்போட்டிருந்தது. என்னை அக்கா என்றார். பணப்பையிலிருந்து எட்டாக மடித்த ஒரு தாளை எடுத்து மேசையில் விரித்தார். மடிப்பெல்லாம் நைந்துபோய் வெளிச்சம் தெரிந்தது. "இது எம்சி இல்லக்கா, சும்மா லைட் டூட்டி. இதுக்குக் காசு கிடையாதுன்னு சொன்னாங்க." பக்கத்திலிருந்த எங்கள் தாதி வாங்கிப் பார்த்தார். எம்சி என்ற மருத்துவ விடுப்புச் சீட்டு இல்லைதான்; நாற்பது நாளைக்கு லைட் டூட்டி, அதாவது இலகுவான வேலை மட்டும் பார்க்கலாம் என்ற சீட்டு. 2020 செப்டம்பரில் நடப்புக்கு வந்த வேலைக்காய இழப்பீட்டுச் சட்டப்படி, வேலையிடத்துக் காயத்துக்காக டாக்டர் கொடுக்கும் லைட் டூட்டி நாட்களும் கணக்கில் வரும். மருத்துவமனையில் படுக்காத காயமென்றால் முதல் 14 நாளைக்கு முழுச் சம்பளம், அதற்குப் பிறகு ஒரு வருடம்வரை மூன்றில் இரண்டு பங்கு. விபத்து நடந்த ஒரு வருடத்துக்குள் கோரிக்கை வைக்க வேண்டும். இதைச் சொன்னபோது அவர் சந்தோஷப்பட்டதாகத் தெரியவில்லை. தாளை மறுபடி மடிக்கப் போனவர் நிறுத்திவிட்டு, "அப்ப இத பத்திரமா வச்சது நல்லதாப் போச்சு" என்று மட்டும் சொன்னார்.

அப்போது அவர் கைப்பேசி அடித்தது. மகள். அவர் நாற்காலியைத் திருப்பிப்போட்டு, வலது கையால் கைப்பேசியைப் பிடித்து, கட்டுப்போட்ட கையை மேசைக்குக் கீழே வைத்துக்கொண்டார். "இன்னைக்கு லீவும்மா. தேக்கா வந்திருக்கேன்." ஆறாம் வகுப்புப் பெண்ணாம். இரண்டு மாதமாக அந்தக் கையைப் படத்தில் காட்டாமல் பேசுகிறார். ஜூனில் பள்ளி திறக்கும்போது கட்டணம் கட்ட, மனைவி தோட்டை அடகு வைக்கப்போவதாகச் சொல்லியிருந்தார்.

அந்தத் தாளுக்கும் அந்தப் பெண்ணின் பள்ளிக்கூடத்துக்கும் நடுவில் இருந்தது ஆங்கிலம் மட்டும்தான். எங்களால் தாண்டிவைக்க முடிந்த தூரம் அது.

எனக்கு நன்றாகக் கைவந்தது சம்பளச் சீட்டு. 2016 ஏப்ரலிலிருந்து விவரமான சம்பளச் சீட்டு கொடுத்தாக வேண்டும். ஊரில் கையில் வாங்கிய ஐபிஏ (வேலை அனுமதிக்கான முன் ஒப்புதல்) கடிதத்தையும் இந்தச் சீட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பாதி விஷயம் தெரிந்துவிடும். ஒரு தம்பிக்கு அடிப்படைச் சம்பளம் 800 வெள்ளி. வருடச் சம்பளம் 9,600-ஐ 52 வாரத்தாலும் வாரத்துக்கு 44 மணி நேரத்தாலும் வகுத்தால் ஒரு மணிக்கு 4.20 வெள்ளி வரும். ஓடிக்கு (கூடுதல் நேர வேலைக்கு) ஒன்றரை மடங்கு, அதாவது 6.29. சீட்டிலோ ஓடிக்கும் 4.20 என்றே போட்டிருந்தது. மாதம் 60 மணி நேரம் ஓடி பார்த்தால் 125 வெள்ளி போய்விடுகிறது. ஊர்க் காசில் எட்டாயிரம் ரூபாய்க்கு மேல். அவர் அதைப் பார்க்கவே இல்லை, மொத்தத் தொகையை மட்டும்தான் பார்ப்பாராம். முறைப்படி புகார் எழுதிக்கொடுத்த பிறகு, ஏழு மாதத்துக்கும் சேர்த்து ஏறக்குறைய 900 வெள்ளியை நிறுவனம் கொடுத்துவிட்டது. வேலையில் இருப்பவர்கள் ஒரு வருடத்துக்குள், வேலையை விட்டவர்கள் ஆறு மாதத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும். இந்த இரண்டு கெடுவும் தெரியாமல் இழந்தவர்கள் எத்தனையோ பேர்.

இல்லப் பணிப்பெண்கள் பக்கம் நாங்கள் இன்னும் சரியாகப் போகவில்லை. அவர்கள் ஏறக்குறைய மூன்று லட்சம் பேர், அதில் தமிழ் பேசுகிறவர்கள் இந்தியாவிலிருந்தும் இலங்கை மலையகத்திலிருந்தும் வந்தவர்கள். 2023-லிருந்து மாதம் ஒரு நாளாவது கட்டாயம் விடுப்புக் கொடுக்க வேண்டும், அந்த நாளுக்குப் பதிலாகப் பணம் கொடுத்துவிட முடியாது. அந்த ஒரு நாளில் அவர்கள் தேடுவது பெரும்பாலும் பிள்ளையோடு பேச ஒரு நிழலான இடம். மாணவி இதைத்தான் அடுத்துச் செய்ய ஆசைப்படுகிறாள்.

இந்த வழியின் குறையையும் சொல்லிவிடுகிறேன். நாம் உதவும் பிள்ளையை நாம் பார்க்கவே மாட்டோம். எழுத்துக் கற்றுக்கொடுத்தோம், தேர்வில் தேறினாள் என்ற நிறைவு கிடைக்காது. ஊருக்குப் போகும் பணம் படிப்புக்குத்தான் போகிறதா, ஏஜென்டுக்கு வாங்கிய கடனுக்கு வட்டியாகப் போகிறதா என்று நமக்குத் தெரியாது, கேட்பதும் மரியாதை இல்லை. சில வழக்குகளில் ஒன்றுமே கிடைக்காமல் ஆள் ஊருக்குத் திரும்பிவிடுவார். எங்களில் ஒருவருக்கு இது தாங்கவில்லை, அவர் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கவே போனார். அதுவும் சரிதான். மனம் ஒட்டாத வேலையில் யாரும் மூன்று மாதத்துக்கு மேல் நிற்பதில்லை.

இருந்தாலும் என் வாக்கு இந்த நான்காவது வழிக்குத்தான். காரணம் இரண்டு. ஒன்று, தமிழ் மட்டுமே தகுதியாக இருக்கும் வேலை இது. கோலாலம்பூர் மையத்தில் எங்கள் தமிழுக்கு அநேகமாக வேலையில்லை, தமிழ்நாட்டு முகாமில் எல்லோருக்குமே தமிழ் தெரியும். தேக்காவில் டாக்டர் எழுதிய ஆங்கிலத்துக்கும் சிவகங்கைத் தமிழுக்கும் நடுவே உட்கார ஆள் தேவை, அந்த ஆள் ஈசூனிலேயே இருக்கிறார். இரண்டாவது, இந்தப் பிரிவு இனிமேல் நீளப்போகிறது. முன்பெல்லாம் இந்திய ஊழியர்கள் வேலை அனுமதியில் இத்தனை வருடம்தான் இங்கே இருக்கலாம் என்று வரம்பு இருந்தது. 2025 ஜூலையில் அந்த வரம்பை எடுத்துவிட்டார்கள், வயது உச்சவரம்பும் 63 ஆகியிருக்கிறது. வேலைக்கு அது நல்ல செய்தி. அதே சமயம், பிள்ளை பிறந்ததிலிருந்து கல்லூரி முடிக்கும்வரை அப்பா இங்கேயே இருக்கலாம் என்றும் ஆகிறது. என் அப்பா ஒன்பது வருடம் காத்திருந்தார். இப்போது வீடியோ அழைப்பு இருக்கிறது, வாசலில் வந்து நிற்பவரை அடையாளம் தெரியாமல் போகாது. ஆனால் மேசைக்குக் கீழே ஒளித்துவைத்த கை இருக்கிறதே.

கடைசியில் எல்லோருடைய நேரத்தையும் ஒரே இடத்தில் கொட்டவில்லை. நான்கு பேர் தேக்கா மேசைக்கு. ஆசிரியர் ஒருவரும் மாணவியும் குடும்ப சேவை நிலையத்தின் வழியாக வாரம் ஒரு பிள்ளைக்குப் பாடம். 300 வெள்ளி முழுவதும் எங்கள் சொந்தப் பணமாகவே, அந்தக் கடைவீட்டு மாடியில் பாடம் நடத்தும் பெண்ணின் உதவித்தொகைக்கு, ஒரு வருடத்துக்கு மாதம் தவறாமல். தமிழ்நாட்டு முகாம்களுக்கு இந்த வருடம் எதுவும் இல்லை. அதைச் சொல்ல எனக்கு இன்னும் மனம் கனக்கிறது, ஆனால் நான்கு இடத்தில் 75 வெள்ளியாகப் பிரித்துக் கொடுத்தால் அந்தப் பெண்ணுக்கும் ஒன்றும் நிற்காது.

மாணவி இதையே தொழிலாக எடுப்பதா என்று யோசிக்கிறாள். என்யுஎஸ், எஸ்யுஎஸ்எஸ் பல்கலைக்கழகங்கள் இரண்டிலும் சமூக சேவைப் பட்டப்படிப்பு இருக்கிறது. இன்னும் ஆறு மாதம் பாடம் சொல்லிக்கொடுத்துவிட்டு முடிவெடு என்று சொல்லியிருக்கிறோம்.

நீங்களும் தொடங்குவதாக இருந்தால், முதல் நாள் மேசைக்கு வரும்போது கால்குலேட்டர், ஒரு மடிக்காத கோப்பு, நிறைய பிளாஸ்டிக் உறை கொண்டு வாருங்கள். தாள்களைக் கிழியாமல் வைக்கக் கொடுத்தால் அதுவே பெரிய உதவி. ஊரில் பள்ளி திறப்பது ஜூனில் என்பதால் ஏப்ரல், மே ஞாயிறுகளில் கூட்டம் அதிகமாக வரும், அப்போது இரண்டாவது மேசை போட வேண்டியிருக்கும். அதற்குள் ஏழாவது ஆள் ஒருவர் வேண்டும். வங்காளம் தெரிந்தவராக இருந்தால் இன்னும் நல்லது. எங்கள் வரிசையில் பாதிப்பேர் பங்களாதேஷ் தம்பிகள், அவர்களுடைய தாள்களை நாங்கள் வெறுமனே புரட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.